கண்ணுக்கு ஒரே நீர்

"பையனுக்குக் குளுக்கோஸ் ஏற்றக்கூடாதா, டாக்டர்? தெம்பாக இருக்குமே!"

கேட்டவன் நான்தான். என் தங்கை மகன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, மண்டைக்குள் ரத்தம் கட்டி, நடுநிசியில் ஆபரேஷனுக்குக் காத்திருந்தான். "உப்புத் தண்ணீர் ஓடுகிறது ஸார். இவனுக்குக் குளுக்கோஸ் ஆகாது" என்று சொல்லிவிட்டு, மயக்க மருந்து டாக்டர் உள்ளே விரைந்தார். இரண்டும் தெளிந்த நீர்தானே? பையன் பிழைத்து வீடு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தேன்.

கதை காலராவில் ஆரம்பமாகிறது. 1831-ல் இங்கிலாந்தில் சண்டர்லாந்துத் துறைமுகத்துக்குள் அந்த நோய் புகுந்தது. ஓஷாக்னஸி என்ற இளம் டாக்டர், நோயாளிகளின் ரத்தத்தில் நீரும் உப்பும் வற்றியிருப்பதைக் கண்டார். பிற்பாடு இந்தியாவுக்கு வந்து தந்திக் கம்பி போட்டவரும் இவரே. மறு வருஷம் ஸ்காட்லாந்தில் லீத் என்ற ஊரில் தாமஸ் லாட்டா, சாகக் கிடந்த ஒரு மூதாட்டியின் ரத்தக் குழாயில் உப்பு நீரை ஏற்றினார். ஒடுங்கிய முகத்தில் களை திரும்பியது. லாட்டா போன பிறகு மீண்டும் பேதி கண்டது. மறுபடி நீர் ஏற்றுவார் இல்லை. அவள் இறந்தாள்.

காலராவில் நீர் போதவில்லை என்பதே பிரச்னை. மூளையிலோ எந்த நீர் என்பது பிரச்னை. மண்டை ஓடு விரியாத பெட்டி; உள்ளே ஒன்று பெருத்தால் இன்னொன்று நசுங்கியாக வேண்டும். இதை 1824-ல் எடுத்துச் சொன்னவர்களில் ஒருவரான ஜார்ஜ் கெல்லியும் அதே லீத் ஊர்க்காரர்தான்!

1919-ல் அமெரிக்காவில் லூயிஸ் வீட், பால் மக்கிப்பென் என்ற இருவர் பூனைகளை மயக்கி வைத்து ஆராய்ந்தார்கள். கடும் உப்பு நீரை ரத்தத்தில் ஏற்றினால் மூளை சுருங்கியது. காய்ச்சி வடித்த நீரை ஏற்றினால் வீங்கியது. உப்பு மிகுந்த பக்கம் நீர் ஓடுகிறது, அவ்வளவுதான். ஜாடியில் மாவடு சுருங்குவதைப் பார்த்த நம் பாட்டிமாருக்கு இது புதிதா என்ன?

குளுக்கோஸ் நீரின் சூதும் இங்கேதான். சர்க்கரையை உடம்பு எரித்துவிடும். மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது அடிபட்ட மூளைக்குள் புகுந்து வீக்கத்தைப் பெருக்கும். அப்படியானால் நீரே கொடாமல் வற்றப் போடலாமே என்பீர்கள். அப்படியும் ஒரு காலத்தில் செய்தார்கள். ஆனால் ரத்த அழுத்தம் இறங்கினால், வீங்கிய மூளைக்கு ரத்தம் எட்டாது. ஆகவேதான் லிட்டருக்கு 9 கிராம் உப்புள்ள நீரை, வேண்டிய அளவு ஏற்றுகிறார்கள்.

உப்பு நீரைவிட உயர்ந்தது ரத்தத்திலிருந்தே எடுக்கும் ஆல்புமின் என்று நம்பியவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் தலைக் காயம் பட்ட 460 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். 2 வருஷத்துக்குள், ஆல்புமின் பெற்றவர்களில் 100-க்கு 33 பேர் இறந்திருந்தார்கள். உப்பு நீர் பெற்றவர்களில் 20 பேர்.

அன்றிரவு அந்த டாக்டர் என் அன்புக்கு இணங்கியிருந்தால்? நினைக்கவே நடுங்குகிறது. தெம்பு வேண்டும் என்று கேட்டது பாசம். ஆகாது என்று சொன்னது அறிவு. அன்றைக்குப் பையனைக் காப்பாற்றியது, மலிவான அந்த உப்புத் தண்ணீர்தான்.