ஏரிக் காட்டின் சரித்திரம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் கனடாவைத் தொடும் எல்லையில், பனியாறுகள் பூர்வயுகத்தில் பாறையைக் குடைந்துவிட்டுப் போன பள்ளங்களெல்லாம் ஏரிகளாகி, ஆயிரத்துக்கு மேற்பட்ட நீர்நிலைகளோடு விரிந்து கிடக்கும் பவுண்டரி வாட்டர்ஸ் அரண்யத்தில் தோணி வலித்துச் செல்லும் யாத்திரிகர்கள், லூன் பறவையின் குரலைக் கேட்டும் மூஸ் என்னும் பெரிய மான் நீர்ப்பூண்டு மேய்வதைக் கண்டும், ஆதிகாலத்து அமைதி அப்படியே மிஞ்சியிருப்பதாக எண்ணி மகிழ்வது இயல்பே; ஆயினும் அது தானாக மிஞ்சியதன்று.

பிர்ச் மரப்பட்டையால் தோணி செய்து, அதிலிருந்தபடியே காட்டரிசிக் கதிர்களைக் கோலால் தட்டி உதிர்த்துக்கொண்ட ஓஜிப்வே மக்கள், ஏரிக்கு ஏரி தோணியைச் சுமந்து கடக்கும் தடங்களில் வெகுகாலம் நடந்து பழகியவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில், ஐரோப்பியரின் தொப்பிக்காகப் பீவர் என்னும் விலங்கின் தோலை நாடிவந்த வர்த்தகர்களின் படகோட்டிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள மூட்டைகளை இரண்டிரண்டாக முதுகிலேற்றி, சுமார் 14 கிலோமீட்டர் நீண்ட கிராண்ட் போர்ட்டேஜ் தடத்தைக் கடந்தார்கள். 1854ஆம் ஆண்டு உடன்படிக்கையில், வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டு, நிலத்தை ஓஜிப்வேக்கள் அமெரிக்க அரசாங்கத்திடம் ஒப்படைத்தனர்.

பின்னர் மரவியாபாரிகளின் கோடரி வந்தது. 1909இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இந்தக் காட்டுப் பகுதியைத் தேசிய வனமாகப் பிரகடனம் செய்தபோதிலும், 1925இல் பேக்கஸ் என்னும் ஆலையதிபர் எல்லை ஏரிகளில் அணைகள் எழுப்பி நீர்மட்டத்தை உயர்த்த முனைந்தார். காட்டைக் காக்க முனைந்த எர்னஸ்ட் ஓபர்ஹோல்ட்சரும் அவருடைய நண்பர்களும் இடைவிடாது வாதாடியதன் பலனாக, 1930இல் கரையோர மரங்களையும் இயற்கையான நீர்மட்டத்தையும் காக்கும் சட்டம் பிறந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப்பின் மீன்பிடிப்போரை ஏற்றிக்கொண்டு விமானங்கள் ஏரிகளில் இறங்கத் தொடங்கவே, 4,000 அடிக்குக் கீழே பறப்பதை 1949இல் ஜனாதிபதி ட்ரூமன் தடுத்தார். 1978ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார்ப் படகுகளையும் பெரும்பாலான ஏரிகளிலிருந்து விலக்கியது. அதற்கு முந்திய ஆண்டு, தங்கள் ஜீவனம் பறிபோகிறதென்று கொதித்த, வனத்தை அடுத்த ஈலி நகரத்தார், வனத்துக்காகப் பரிந்து பேசிய எழுத்தாளர் சிகர்ட் ஓல்சனின் உருவபொம்மையைத் தூக்கிலிட்டனர்.

1965 வரை தலைக்கு விலைவைத்து ஓநாய்களைக் கொல்வித்த மாநிலமே இன்று அவற்றின் புகலிடமாயிற்று என்பதை நோக்குமிடத்து, மனிதன் தன் கையை அடக்கிக்கொண்டதே அந்தக் காட்டை வாழவைத்தது என்பதும், அந்த அடக்கத்தின் விலையில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள் அதன் அருகே வாழ்ந்தவர்களே என்பதும் தெளிவாகும்.