ஒளிப்படக் கருவிச் சுற்றுப்பலகையில் மின் இரைச்சல் குறைப்பு

டிஜிட்டல் கேமராவின் உணரி தரும் சமிக்ஞையில் கலக்கும் வேண்டாத மின்னழுத்த ஏற்ற இறக்கமே மின் இரைச்சல். படத்தின் இருண்ட பகுதிகளில் இது புள்ளிகளாகவும் கோடுகளாகவும் தெரியும். 1 வோல்ட் வீச்சை 14 பிட்டில் அளந்தால் ஒரு படி ஏறத்தாழ 61 மைக்ரோவோல்ட்தான். எனவே சிறு குறுக்கீடும் படத்தில் பதியக்கூடும்.

நிலைமாற்று மின்வழங்கிகள், கடிகாரத் துடிப்புகள், வேகமான தரவுத் தடங்கள் ஆகியவை இரைச்சலின் முக்கிய ஊற்றுகள். பலகையின் ஓர் அடுக்கை வெட்டின்றித் தரைத்தளமாக விட்டால், திரும்பும் மின்னோட்டம் தடத்துக்கு நேர் கீழே ஓடும். மின்னோட்ட வளையத்தின் பரப்பும் அதனால் சுருங்கும். சில்லுகளின் மின்முனைகளை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகளை வைப்பது வழக்கம். திடீர் மின்னோட்டத் தேவையை அவை அங்கேயே ஈடுசெய்கின்றன. உணரிக்கு நேரியல் சீராக்கி வழியே தனி மின்சாரம் தரப்படுகிறது. தரவை எதிரெதிர் மின்னழுத்தம் கொண்ட இணைத்தடங்களில் அனுப்பினால், அவற்றின் புலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும்.