சொல் போன வழி – 7: ஆற்றுக்குள் விட்ட கொள்ளிக்கட்டை

லண்டன் பிரிக்ஸ்டன் சாலைக்கு அருகே ஆளில்லாத வீடு. உள்ளே ஒரு பிணம். தரையில் கொஞ்சம் சாம்பல். அதை வழித்தெடுத்து உறையில் போட்டுக்கொண்ட ஷெர்லாக் ஹோம்ஸ், கொலைகாரன் எதைப் புகைத்தான் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்ன பெயரைக் கேட்டால் திண்டுக்கல்காரருக்குக் கோபம் வரும் என்று சொல்லிப் போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

ஹோம்ஸ் சொன்ன பெயர் 'திருச்சினாப்பள்ளி'. 1887இல் வெளியான அந்த முதல் ஹோம்ஸ் கதையில் துப்பே இதுதான். சாம்பலின் கரிய நிறத்தையும் அது செதில் செதிலாக உதிர்வதையும் பார்த்து, இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று முடிவு கட்டுகிறார். ஆசிரியர் ஆர்தர் கோனன் டாயில் இதற்கு விளக்கம் ஏதும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. அந்தக் கால ஆங்கிலேயப் புகைப்பிரியர்கள் 'டிரிச்சி' என்று செல்லமாகக் கேட்டு வாங்கிய சரக்கு அது.

கோபம் எதற்கு? சுருட்டிய கை திருச்சி உறையூருடையதாக இருக்கலாம். உள்ளே எரிந்த இலையில் பெரும்பகுதி திண்டுக்கல் சீமையில் விளைந்தது. கிழக்கே சிறுமலை, தென்மேற்கே பழனி மலைத்தொடர், நடுவில் குடகனாறு ஓடும் செம்மண் சமவெளி. கிணற்று நீர் பாய்ச்சி, நுனி கிள்ளி, பக்கக் கொழுந்தை ஒடித்து, வெட்டி, காயவைத்து, அடுக்கிப் புழுங்கவைத்த இலை வண்டியேறி வடக்கே போனது. 1875இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தபின் போக்கு இன்னும் எளிதாயிற்று. ஊர்ப்பெயர் மட்டும் சுருட்டு கட்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டது.

பிறகு கம்பெனிகளே இலையைத் தேடி வந்தன. 1863இல் சென்னையில் கடை போட்ட ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை வைத்தது. 20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது அது பெயர் பெற்ற ஆலையாக நடந்துகொண்டிருந்தது. இன்று பூட்டும் பிரியாணியும் சொல்லும் ஊரின் பெயரை அன்று சுருட்டுதான் சொன்னது.

ஆனால் நம் தொடர் சரக்கைப் பற்றியதல்ல, சொல்லைப் பற்றியது. இருமுனையும் வெட்டி, ஒரே பருமனாகக் கட்டிய சுருட்டை ஆங்கிலேயர் 'சிகார்' என்பதில்லை. அதற்குத் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள்: 'செரூட்'. சுருட்டு, செரூட். காதில் விழுந்ததுமே உறவு தெரிகிறதல்லவா? காது சொன்னால் போதுமா? சாட்சி வேண்டாமா?

*

சாட்சியைத் தேடிப் போனவர்கள் இருவர். ஒருவர் கர்னல் ஹென்றி யூல். மற்றவர் சென்னை மாகாணத்தில் நீதிபதியாக இருந்து தமிழும் சமஸ்கிருதமும் கற்ற ஏ. சி. பர்னல். இந்திய மண்ணிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொற்களுக்கெல்லாம் இருவரும் கடிதம் வழியாகவே ஓர் அகராதி தொகுத்தார்கள். பர்னல் 1882இல் இறந்துவிட்டார். 1886இல் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற விசித்திரப் பெயரோடு அது வெளிவந்தது.

அதில் 'செரூட்' பதிவைப் புரட்டினால் நமக்குத் தெரிந்த ஓர் ஆள் வந்து நிற்கிறார். இத்தாலியில் 1680இல் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து, 'தேம்பாவணி' பாடி, 'சதுரகராதி' தொகுத்த வீரமாமுனிவர்.

அவருடைய 'பரமார்த்த குரு கதை'யைப் பள்ளியிலேயே படித்திருப்போம். குருவும் ஐந்து மட்டிச் சீடர்களும் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு விழித்திருக்கும்போது இறங்கினால் விழுங்கிவிடும், தூங்கும்போதுதான் கடக்க வேண்டும் என்பது குருவின் கணக்கு. சோதித்துப் பார்க்க ஒரு சீடன் போகிறான். எரியும் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் விடுகிறான். 'சுர்'ரென்று புகை கிளம்புகிறது. ஐயோ, ஆறு விழித்திருக்கிறது! பின்னர் அதே அணைந்த கட்டையை விட்டுப் பார்க்கிறார்கள். சத்தமே இல்லை. ஆறு தூங்கிவிட்டது, வாருங்கள் போகலாம்!

சிரித்துவிட்டு நாம் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று உண்டு. நட்ட நடுப்பயணத்தில் சீடன் கையில் கொள்ளிக்கட்டை எதற்கு? கதையே பதில் சொல்கிறது. புகையிலைச் சுருட்டைப் பற்றவைக்க. அந்த ஒரு வரியைத்தான் யூலும் பர்னலும் பிடித்துக்கொண்டார்கள். கதை எழுதப்பட்ட காலம் ஏறத்தாழ 1725 என்று கணித்து, இதுவரை கிடைத்த மிகப் பழைய சான்று இதுவே என்று எழுதினார்கள்.

வழக்கு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பதிப்பிக்கப்படாத ஒரு கையெழுத்துப் பிரதி அப்போது இருந்தது.

*

அந்தப் பிரதியை எழுதியவர் தாமஸ் பௌரி, கப்பல் வணிகர். 1669 முதல் 1679 வரை சோழமண்டலக் கரையிலும் வங்கக் கடலைச் சுற்றியும் திரிந்து, கண்டதையெல்லாம் குறித்து வைத்தார். ரிச்சர்ட் கார்னாக் டெம்பிள் பதிப்பித்து அது புத்தகமானது 1905இல்.

ஏழைத் தமிழரும் தெலுங்கரும் புகைபிடிக்கும் விதத்தை அவர் கொஞ்சம் இளக்காரமாகவே விவரிக்கிறார். குழாய் கிடையாது, ஹூக்கா கிடையாது. இலையைச் சுருட்டி, ஒரு முனையில் நெருப்பு வைத்து, மறுமுனையை உதட்டில் வைத்துக்கொள்கிறார்களாம். பெயரையும் குறிக்கிறார். இதற்கு 'புங்கோ' என்று பெயர். போர்ச்சுக்கீசியர் இதை 'செரூட்டா' என்கிறார்கள்.

வீரமாமுனிவருக்கு அரை நூற்றாண்டு முந்திய சான்று. அதில் சொல் போர்ச்சுக்கீசியர் வாயில் இருக்கிறது!

சந்தேகம் வலுவானது. புகையிலையே அமெரிக்காவிலிருந்து வந்த செடி. அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர்கள் போர்ச்சுக்கீசியர். பொருளைக் கொண்டுவந்தவன் பெயரையும் கொண்டுவருவது உலக வழக்கம். ஜன்னல், மேஜை, அலமாரி எல்லாம் அவர்கள் விட்டுப்போனவைதாம். திண்டுக்கல்லின் பெருமையான பூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டு தமிழ்; அதைத் திறக்கும் சாவி போர்ச்சுக்கீசியம். நம் திறவுகோலை அது ஓரங்கட்டிவிட்டது. அப்படியானால் சுருட்டும் சாவியோடு வந்த சரக்குதானா?

முதலில் எழுதப்பட்ட தேதியை மட்டும் பார்த்தால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லின் பிறந்த வீட்டைத் தேதி காட்டாது. சுற்றம் காட்டும். போர்ச்சுக்கீசிய மொழியில் இந்தச் சொல்லுக்கு அண்ணன் தம்பி கிடையாது. தமிழில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சுருள், சுருளுதல், சுருட்டை முடி, பாயைச் சுருட்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடு, கல்லாவில் இருந்ததைச் சுருட்டிக்கொண்டு போனான். மலையாளத்திலும் அது சுருட்டு. தெலுங்கில் சுற்றிக் கட்டியது 'சுட்ட'. புகையிலை இந்த மண்ணுக்கு வரும் முன்பே வினை இங்கே இருந்தது. புதிய இலை வந்ததும் பழைய வினை அதற்குப் பெயர் கொடுத்தது. போர்ச்சுக்கீசிய அகராதிகளே தங்கள் 'சருத்து'வுக்குத் தமிழை மூலமாகக் காட்டுகின்றன. பௌரி கேட்டது தமிழ்ச்சொல்லை, போர்ச்சுக்கீசிய வாய்வழியாக.

தோற்ற சொல்லையும் பார்த்துவிடுவோம். 'புங்கோ' மலாய்மொழியின் 'புங்குஸ்' என்கிறார்கள் யூலும் பர்னலும். பொட்டலம், சுற்றிக் கட்டியது என்று பொருள். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ சாப்பாட்டைக் கட்டி வாங்கும் தமிழர் இன்றும் தினம் சொல்லும் சொல். ஆங்கிலக் கப்பல்களில் இரண்டு சொற்களும் சில காலம் சேர்ந்தே பயணம் செய்தன. பிறகு புங்கோ இறங்கிவிட்டது. செரூட் தொடர்ந்து போனது.

போன இடமெல்லாம் பொருள் மாறியது. ஆங்கிலத்தில் சுருங்கி, இருமுனை வெட்டிய சுருட்டை மட்டும் குறித்தது. பிலிப்பைன்ஸின் மணிலாச் சுருட்டுக்கும் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். பர்மாவுக்குப் போய் அங்கேயே குடியேறியது. ரட்யார்ட் கிப்ளிங் 1890இல் எழுதிய 'மாண்டலே' கவிதையின் பர்மியப் பெண் வாயில் இருப்பதும் செரூட்தான். போர்ச்சுக்கீசியத்திலோ விரிந்து, எல்லாச் சுருட்டுக்கும் பொதுப்பெயராயிற்று. அட்லாண்டிக் தாண்டி பிரேசிலில் அது சாப்பாட்டுத் தட்டிலேயே ஏறிவிட்டது. அங்கே அரிசியும் கறியும் வைத்துச் சுற்றி வேகவைத்த முட்டைக்கோஸ் இலைக்குப் பெயர் 'சருத்து'. புகையிலை கழன்று போய், சுருட்டுகிற வினை மட்டும் மிஞ்சியிருக்கிறது. சொந்த ஊரிலோ கருப்பசாமிக்குப் படையலாகவும் இருக்கிறது, களவுக்கு நாகரிகமான பெயராகவும் இருக்கிறது.

ஆக, சொல் நம்முடையது. வழக்கு தீர்ந்தது.

சொல்லுக்குத்தான் தீர்ந்தது. இலைக்கு?

திண்டுக்கல் விவசாயி பயிரிட்ட புகையிலையில் இரண்டு ரகங்கள் பெயர் பெற்றவை. ஒன்றின் இலை கூர்மையாக நீண்டிருக்கும், அது ஊசிக்கப்பல். மற்றதன் இலை அகன்று உருண்டிருக்கும், அது வட்டக்கப்பல். ஊசி சரி, வட்டம் சரி. திண்டுக்கல்லிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். குடகனாற்றில் பாய்மரம் ஓடியதாக ஒருவரும் சொன்னதில்லை. அப்படியிருக்க, வேடசந்தூர்க் காட்டில் நின்ற செடியின் பெயரில் கப்பல் எப்படி ஏறியது?

அந்தக் கப்பலைத் துரத்திக்கொண்டு போனால் பிஜப்பூர் சந்தையும், அங்கிருந்து அக்பரின் அரண்மனைக்குப் போன ஒரு ஹூக்காவும், புகையிலைக்குத் தடை போட்ட ஒரு மன்னரும் எதிர்ப்படுகிறார்கள். அந்த மன்னர் யார், அவர் தடை என்ன ஆயிற்று?

(அடுத்த வாரம்)