தானாக இயங்கும் ரெக்கார்டு பிளேயர்: ஒரு சிறு வரலாறு

வீடு மாற்றும்போதோ, பெரியவர்கள் காலமான பிறகு பரணைச் சுத்தம் செய்யும்போதோ பல வீடுகளில் ஒரு பெட்டி கிடைக்கிறது. உள்ளே பழைய இசைத்தட்டுகள். போட்டுக் கேட்க மெஷின் இல்லை. முள்ளைப் பதமாக எடுத்து வைக்கும் பழக்கமும் நமக்கு இல்லை. கடைசியில் பெட்டி பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது.

அப்படிக் கொடுக்கும் முன் ஒரு நிமிடம். பட்டனை அழுத்தினால் தானே பாடத் தொடங்கி, முடிந்ததும் தானே நின்றுவிடும் பிளேயர்கள் இன்று ஓரளவு கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கின்றன. ஆனால் அது உங்களுக்குப் பயன்படுமா என்பது, உங்கள் பெட்டியில் இருப்பது எந்தக் காலத்துத் தட்டு என்பதைப் பொறுத்தது. அதற்கு இதன் வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் வந்தவை நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டுகள். அரக்குக் கலவையால் ஆனவை. கீழே விழுந்தால் உடைந்துவிடும். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம்தான் ஓடும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அக்காலத்தில் பாடியது இவற்றில்தான். மேல்நாட்டிலோ ஒரு முழு சிம்பொனியைக் கேட்க ஐந்தாறு முறை எழுந்துபோய்த் தட்டு மாற்ற வேண்டும்.

தானியங்கி மெஷின் பிறந்தது இந்தத் தொல்லையால்தான். 1927-இல் அமெரிக்காவின் விக்டர் கம்பெனி, அடுக்கி வைத்த தட்டுகளைத் தானே ஒவ்வொன்றாக மாற்றிப் போடும் பெரிய அலமாரி போன்ற மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது பணக்காரர் வீட்டுப் பொருள். பிறகு இந்த ‘சேஞ்சர்’ மெஷின்கள் பரவின. அவற்றுக்காகவே தட்டுகளின் வரிசையும் மாறியது. நான்கு தட்டு கொண்ட தொகுப்பில் முதல் தட்டின் முன்பக்கம் 1, பின்பக்கம் 8 என்று அச்சிட்டார்கள். நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழவிட்டுக் கேட்டு, பிறகு மொத்தமாகத் திருப்பி வைத்தால் மீதி வரிசையாக ஓடும். பிற்காலத்து இரட்டை எல்.பி. சிலவற்றில் 1-ஆம் பக்கமும் 4-ஆம் பக்கமும் ஒரே தட்டில் இருப்பது இதனால்தான், அச்சுப்பிழை அல்ல.

1948-இல் கொலம்பியா கம்பெனி 33⅓ சுற்று எல்.பி.யைக் கொண்டுவந்தது. ஒரு பக்கமே 20 நிமிடத்துக்கு மேல் ஓடியது. அடுத்த ஆண்டு ஆர்.சி.ஏ. விக்டர் 7 அங்குல, 45 சுற்றுத் தட்டை வெளியிட்டது. அதன் நடுவில் இருந்த பெரிய துளையே சேஞ்சருக்காக வைத்ததுதான். இங்கிலாந்தில் பி.எஸ்.ஆர். கம்பெனி மலிவான சேஞ்சர்களைத் தயாரித்தது. அவற்றைப் பொருத்திய டான்செட் பெட்டிகள் இளைஞர்களின் அறைகளுக்குள் நுழைந்தன. நம் நாட்டில் பரவலாக இருந்த எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற கைப்பெட்டிகளிலோ முள்ளை நாமேதான் எடுத்து வைக்க வேண்டும்.

எல்.பி. வந்தபின் சேஞ்சரின் தேவை குறைந்தது. தட்டின்மேல் தட்டு விழுந்தால் கீறல் விழும் என்ற பயமும் சேர்ந்தது. ஆனால் ஒரு வசதி மட்டும் நிலைத்தது: பாட்டு முடிந்ததும் கை தானே எழுந்து இடத்துக்குத் திரும்புவது.

இதற்குப் பெரிய மின்னணு எதுவும் தேவைப்படவில்லை. பாட்டு ஓடும்போது கை ஒரு சுற்றுக்கு மயிரிழை அளவே உள்ளே நகரும். கடைசிப் பாட்டு முடிந்ததும் கோட்டின் சுற்றுகளுக்கு இடையே உள்ள இடைவெளி அகலமாகி, கோடு மையத்தை நோக்கி வேகமாக ஓடும். அந்தத் திடீர் நகர்வு அடியில் உள்ள ஒரு சிறு நெம்புகோலைத் தட்டும். உடனே ஒரு பல்சக்கரம் சுழன்று, கையைத் தூக்கித் திருப்பி, மோட்டாரை நிறுத்திவிடும். கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாலும் முள் இரவெல்லாம் தேயாது.

1982-இல் சி.டி. வந்ததும் எல்லாம் முடிந்தது என்றார்கள். ஆனால் 2020-இல் அமெரிக்காவில் வினைல் விற்பனை வருவாய் சி.டி.யை மிஞ்சியது, 1986-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. இந்த மறுவரவில்தான் ஆடியோ-டெக்னிகா ஏ.டி.-எல்.பி.60எக்ஸ், சோனி பி.எஸ்.-எல்.எக்ஸ்.310பி.டி. போன்றவை வந்தன.

வாங்கியவர்கள் பொதுவாகச் சொல்லும் நிறை, பெட்டியைத் திறந்த பத்து நிமிடத்தில் பாட்டு கேட்கலாம் என்பது. ஃபோனோ ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பதால், பவர் உள்ள ஸ்பீக்கரில் நேரே இணைக்கலாம். சோனியில் ப்ளூடூத்தும் உண்டு. குறை, கையின் எடையைக் கூட்டிக் குறைக்க முடியாது என்பது. ஏ.டி.-எல்.பி.60எக்ஸில் முள்ளை மட்டும் மாற்றலாம். அதைத் தாங்கும் கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது. அந்த வசதிகளும் வேண்டும், தானியங்கியாகவும் இருக்க வேண்டும் என்றால் டெனான் டி.பி.-300எஃப் போன்றதற்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். பாகங்கள் குறையக் குறைய ஒலி சுத்தம் என்று சொல்லி, கையால் இயக்கும் மெஷினையே விரும்புகிறவர்களும் உண்டு. வாரத்துக்கு இரண்டு தட்டு கேட்கும் வீட்டுக்கு அந்தக் கவலை வேண்டாம் என்பது என் கருத்து.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். மேலே சொன்ன மூன்றும் 33, 45 வேகங்களில் மட்டுமே ஓடும். தாத்தாவின் 78-ஐ அவற்றில் போடக் கூடாது. வேகமும் பொருந்தாது, முள்ளும் பொருந்தாது. 78-இன் கோடு அகலமானது, அதற்கு ஏறக்குறைய நான்கு மடங்கு பருமனான முனை வேண்டும்.

ஆகவே இந்த விடுமுறையில் பெட்டியை இறக்கிப் பாருங்கள். தட்டு கனமாக, வளையாமல் இருந்தால் பெரும்பாலும் 78. அதற்கு மூன்று வேகமும் தனி முள்ளும் உள்ள மெஷின் தேவை. லேசாக வளைந்தால் வினைல். புதிய தானியங்கியே போதும். எதுவானாலும் படுக்கவைத்து அடுக்காமல், வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். மெஷின் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். பழைய பேப்பர் கடைக்குப் போன தட்டைத் திரும்ப வாங்க முடியாது.