மிட்சுபிஷி யந்திரமும் மின்கலப் பெட்டகமும்: பேராக்கில் ஒரு விவாதத்தின் சரித்திரம்

பேராக் மாநிலத்துக்கும் மோட்டார் வாகனத்துக்கும் உள்ள தொடர்பு, கார் என்னும் சாதனம் தோன்றுவதற்கும் முன்னதாக, 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட காலத்திலேயே வேர் விட்டதாகும். பின்னர் டயருக்காக உலகம் ரப்பரைத் தேடிய நாளில் காடுகள் தோட்டங்களாயின. நம் முன்னோர் விடியுமுன் எழுந்து அவற்றில் கித்தா (ரப்பர்) மரம் சீவினர். துரையின் காரைத் துடைத்தவனும், பால் லோரியை ஓட்டியவனும், ரப்பர்த் தகடு அழுத்தும் யந்திரத்துக்கு எண்ணெய் விட்டவனும் தமிழனே என்றாலும், தன் பெயரில் ஒரு கார் என்பது அவனுக்கு நெடுங்காலம் எட்டாப் பொருளாகவே இருந்தது. 'இந்த யந்திரம் நம்பத்தக்கது' என்னும் தீர்ப்பை இப்பிரதேசத்துக் கார்ப்பிரியர்கள் எந்த அளவுகோலைக் கொண்டு வழங்கி வந்தனர், அது எவ்வாறு மாறி வருகிறது என்பதே இக்கட்டுரையின் விஷயம். யந்திரம் கெடாதிருப்பதைவிட, கெட்டால் பக்கத்து ஒர்க்‌ஷாப்பின் போமன் (மெக்கானிக்) கையால் அது தீருமா என்பதே இங்கு மெய்யான அளவுகோலாக இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

1983இல் ஸ்தாபிக்கப்பட்ட புரோட்டோன் நிறுவனம் 1985 ஜூலையில் சாகா காரை வெளியிட்டது. பெயர் மலேசியாவினுடையதாயினும், உடலும் உயிரும் மிட்சுபிஷியின் லான்சர் ஃபியோரேயினுடையவை; 1.3 லிட்டர் 4ஜி13, 1.5 லிட்டர் 4ஜி15 என்பன அதன் யந்திரங்கள். ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டு, தோட்ட நிலங்கள் துண்டாடப்பட்டு, லயத்துக் குடும்பங்கள் ஈப்போவின் புறநகர்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் பெயர்ந்த காலமும் ஏறத்தாழ அதுவே. அவ்வாறு பெயர்ந்தவர்களில் பலருக்கு முதற் கார் சாகாவாகவோ, 1993இல் வந்த வீராவாகவோ அமைந்தது. அந்த யந்திரங்களில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் மூடியைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் புலப்படும். போதாதென்றால், ஜப்பானில் கழிக்கப்பட்ட காரைக் குறுக்கே அறுத்து இறக்குமதி செய்த 'ஹாஃப்கட்' முன்பாதியிலிருந்து 4ஜி93 யந்திரத்தை எடுத்து வீராவில் ஏற்றிவிடலாம். இளைஞர் பலர் இதனை ஒரு கலையாகவே பயின்றனர். சட்டம் அதனை எவ்வாறு நோக்கிற்று என்பது வேறு கதை.

விவாதம் உண்மையில் மூண்டது கேம்ப்ரோ யந்திரத்தின் வருகையால்தான். 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கிய புரோட்டோன், அதன் துணையோடு தனக்கென ஒரு யந்திரத்தை நிர்மாணித்து, 1997இன் பொருளாதார நெருக்கடியால் தாமதமுற்று எழுந்த, பேராக் மாநிலத்துத் தஞ்சோங் மாலிம் ஆலையில் உருவான ஜென்-2 காரில் 2004இல் அதனைப் பொருத்தி வெளியிட்டது. 1.6 லிட்டரில் 110 குதிரைச் சக்தி என்பது ஏட்டளவில் குறைவன்று. ஆயினும், ஜெலப்பாங்கைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும் நெடுஞ்சாலையில், ஆட்களும் மூட்டைகளும் நிறைந்த வண்டியை மூன்றாம் கியரில் செலுத்துபவன், நிமிஷத்துக்கு 2,500 முதல் 3,000 சுற்றுக்களில் மிதியை அழுத்தினால், யந்திரம் ஏதோ யோசிப்பதுபோல் சற்றே தயங்கிவிட்டு, அதன் பிறகே உறுமிக்கொண்டு எழும். காற்று உட்புகும் குழாயின் நீளமும் வால்வுகளைத் திறக்கும் கேமின் வடிவமும் மாறாதனவாய், உயர்ந்த வேகத்துக்கென்றே அமைக்கப்பட்டிருந்தமையால், இடைவேகத்தில் திருப்புவிசை தளர்ந்தது. மிட்சுபிஷிப் பட்சத்தார் இதனையே சாட்சியாகக் கொண்டு, 'சொந்த யந்திரம் எதற்கு?' என்று கேட்டனர். 2008இல் குழாயின் நீளத்தை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும், கேமின் முகட்டை மாற்றும் சிபிஎஸ் முறையும் வந்து அக்குறையைப் பெரிதும் போக்கிய பின்னரும், முதல் அபவாதம் எளிதில் நீங்கவில்லை.

2011இல் டர்போ பூண்டு வந்த கேம்ப்ரோ சிஎஃப்இ யந்திரத்தின் கதை இன்னும் போதனை மிக்கது. 205 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை மெனோரா ஏற்றத்தை அற்பமாக்கிற்று. ஆனால் எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதிக்குச் செல்லும் ரப்பர்க் குழாய் உஷ்ணத்தில் பலமிழந்து கசிந்தது. எண்ணெய் வற்றினால் யந்திரமே பாழ். நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்து அக்குழாய்களை மாற்றித் தர வேண்டியதாயிற்று. ரப்பர் விளைந்த மாநிலத்தின் ஆலைக்கு ரப்பர்க் குழாய் ஒன்றால் தலைக்குனிவு வந்ததை விதியின் பரிகாசம் என்றுதான் சொல்ல வேண்டும். எனினும் கார்ப்பிரியர் அந்த யந்திரத்தைக் கைவிட்டாரில்லை. குறை கண்ணில் பட்டது, கையால் தீர்ந்தது, ஆகவே மன்னிக்கப்பட்டது.

இனி மின்சாரம். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கென்று பேராக் ஆற்றை மறித்துச் சென்டரோ அணைக்கட்டு 1930 வாக்கில் எழுந்ததை நினைத்தால், மின்விசையால் பெரும் யந்திரங்களை இயக்குவது இம்மண்ணுக்குப் புதிதன்று. அதனைப் பெட்டியில் அடைத்துச் சுமந்து செல்வதே புதிது. 2017இல் சீனத்தின் கீலி நிறுவனம் புரோட்டோனில் 49.9 சதவீதப் பங்கை வாங்கியதன் பலனாக, 2024 டிசம்பரில் இ.மாஸ் 7 என்னும் மின்கார் அறிமுகமாயிற்று. 2025 செப்டம்பரில் தஞ்சோங் மாலிமிலேயே மின்கார் ஆலை திறக்கப்பட்டது. அந்தக் காரின் மின்கலம் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, 49.52, 60.22 கிலோவாட் மணி என இரு அளவுகள். நிக்கல், கோபால்ட் கலந்த மின்கலங்களைவிட இவ்வகை ஒரே எடையில் குறைந்த சக்தியையே சேமிக்கும். ஆனால் தீப்பற்றும் அபாயமும் விலையும் குறைவு, ஆயுளும் நீளம். இதில் ஒரு சூட்சுமமும் உண்டு: இதன் வோல்ட் அளவு பெரும்பகுதி ஒரே மட்டத்தில் நிற்பதால், மிச்சம் எவ்வளவு என்பதைக் கணிப்பொறி தடுமாறாமல் அறிய, அவ்வப்போது நூறு சதவீதம் நிரப்புதல் நலம். 'எண்பதோடு நிறுத்து' என்ற உபதேசத்தை எல்லா மின்காருக்கும் பொதுவாக்குவோர் இதனைக் கவனிப்பதில்லை. உஷ்ணப் பிரதேசத்தில் மின்கலம் விரைவில் நலியும் என்ற அச்சமோ நியாயமானதே: குளிர்விக்கும் திரவ ஏற்பாடு இல்லாதிருந்த முதல் நிசான் லீஃப் கார்கள் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் சேமிப்புத் திறனை விரைந்து இழந்தன. திரவத்தால் குளிர்விப்பது பொது வழக்கமாகிவிட்ட இன்று, அந்த உதாரணத்தையே ஓதிக்கொண்டிருப்பது அவ்வளவு பொருந்தாது.

இவ்விவாதத்தில் அநேகமாக எவரும் எடுக்காத பேச்சொன்று உண்டு. மின்மோட்டாரின் காந்தங்களுக்கு வேண்டிய அருமண் தனிமங்களின் தொழில், ஈப்போவுக்கு அருகிலேயே, புக்கிட் மேராவில், 1982 முதல் ஈயமணல் கழிவின் மோனசைட்டைக் கொண்டு நடந்தது. தோரியக் கதிரியக்கத்துக்கு அஞ்சிய கிராமத்தார் வழக்காடி 1992இல் வென்று, 1993இல் மேல்முறையீட்டில் தோற்றபோதிலும், 1994இல் ஆலை மூடப்பட்டது. அதில் பங்கு கொண்டிருந்ததும், சாகாவுக்கு யந்திரம் தந்ததும் மிட்சுபிஷி என்னும் ஒரே பெயரைத் தாங்கிய நிறுவனங்கள்!

போமனிடம் திரும்புவோம். இ.மாஸ் 7இல் மின்கலப் பெட்டகம் உடற்கூட்டோடு ஒன்றாக இணைக்கப்பட்டுள்ளது. இதனால் உறுதியும் உள்ளிடமும் கூடுகின்றன. ஆனால் சில நூறு வோல்ட் பாயும் அதனை, ஸ்பானரை எடுத்துக்கொண்டு திறந்துவிட முடியாது. எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டே என்பர் ஆதரவாளர். அதன் பிறகு என்பர் ஐயுறுவோர். முதல் சொந்தக்காரர்களுக்கு அந்தத் தவணை 2032, 2033 வாக்கில் முடியும். வீராவுக்குப் பாதி வண்டி தேடித் தந்த ஈப்போவின் ஸ்பேர்பார்ட் கடைக்காரர்கள், விபத்தில் நசுங்கிய மின்கார்களின் பெட்டகங்களுக்கு விலை பேசுவது அதற்கு வெகு முன்பே ஆரம்பமாகிவிடும் என்பது என் அனுமானம்.