தடுப்புப் பலகையிலிருந்து தன்னறிவுக்கு: திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தில் பள்ளித் தொழில்நுட்பமும் இணையப் பாதுகாப்புக் கல்வியும்

1. முன்னுரை

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குள் கணினி நுழைந்த வரலாறு பெரும்பாலும் கருவிகளின் கணக்காகவே பதிவாகியிருக்கிறது. எத்தனை பள்ளிகளுக்கு ஆய்வகம், எத்தனை மாணவர்களுக்கு மடிக்கணினி, எத்தனை வகுப்பறைகளில் திரை என்னும் எண்கள் அரசாணைகளிலும் கொள்கை விளக்கக் குறிப்புகளிலும் எளிதில் கிடைக்கின்றன. அக்கருவிகளின் வழியே குழந்தையை வந்தடையும் ஆபத்துகளிலிருந்து அக்குழந்தையைக் காக்கும் பொறுப்பு எந்தக் காலத்தில் யாரிடம் இருந்தது என்னும் கேள்விக்கு அவ்வளவு எளிதில் விடை கிடைப்பதில்லை. அந்தப் பொறுப்பு முதலில் அறைக் கதவின் பூட்டிடமும், பிறகு இணைய மையங்களின் தடுப்புப் பலகையிடமும் இருந்து, கைப்பேசி பரவியபின் குழந்தையின் சொந்த அறிவிடமே வந்து சேர்ந்தது என்பதையும், அந்த அறிவைத் தரவேண்டிய பாடம் காலத்தால் பிந்தியதோடு மேல் வகுப்பிலேயே தங்கிவிட்டது என்பதையும் திருப்பூர் வட்டாரத்தை முன்வைத்து நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

இணையப் பாதுகாப்புக் கல்வி என்னும் தொடர் இங்கு மூன்று அடுக்குகளைக் குறிக்கிறது. கடவுச்சொல், கணக்கு, கருவி ஆகியவற்றைக் காத்துக்கொள்ளும் அறிவு முதல் அடுக்கு. இணையத்தின் வழியே நெருங்கிவரும் மனிதர்களின் நோக்கத்தை அறிந்து விலகும் திறன் இரண்டாம் அடுக்கு. கைக்கு வரும் செய்தியும் காணொளியும் உண்மைதானா என ஆராயும் பழக்கம் மூன்றாம் அடுக்கு.

2. கைமடியிலிருந்து வகுப்பறைக்கு

1970களின் இறுதியில் ஏற்றுமதிச் சந்தைக்குள் நுழைந்த திருப்பூர், அடுத்த இருபது ஆண்டுகளில் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பிரிந்த சிறு சிறு பட்டறைகளின் பின்னலாக வளர்ந்தது. இவ்வளர்ச்சியின் சமூக வேர்களை ஆய்வாளர் ஷரத் சாரி 2004இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அந்தப் பட்டறைகளில் தையல்காரருக்குத் துணியை எடுத்துக் கொடுப்பதும் தைத்த துண்டுகளை மடித்து அடுக்குவதுமான வேலையைச் செய்தவர் ‘கைமடி’ எனப்பட்டார். 1980களிலும் 1990களிலும் கைமடிகளில் சிறுவர் சிறுமியர் பலர் இருந்தனர். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளும், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும், வெளிநாட்டு வணிகர்கள் விதித்த நிபந்தனைகளும் சேர்ந்து குழந்தைகளைப் பனியன் கம்பெனிகளிலிருந்து பள்ளியை நோக்கித் திருப்பின.

இப்பின்னணி இரண்டு காரணங்களால் முக்கியமானது. பட்டறை ஆபத்தான இடம், பள்ளி பாதுகாப்பான இடம் என்னும் எண்ணம் இவ்வூர்ப் பெற்றோர் மனத்தில் அக்காலத்தில்தான் உறுதிப்பட்டது. மேலும், 2009இல் தனி மாவட்டமாகி, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 24.79 லட்சம் மக்களைக் கொண்டிருந்த இப்பகுதியின் அரசுப் பள்ளிகளில், தென் மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் அமர்ந்து படிக்கின்றனர். பள்ளி பாதுகாப்பானது என நம்பி அனுப்பும் பெற்றோர், பள்ளியின் பெயரால் வீட்டுக்கு வரும் கருவியையும் அதே நம்பிக்கையோடு ஏற்றுக்கொள்கின்றனர்.

3. பூட்டிய அறையும் நாலரை அடிப் பலகையும்

இந்தியப் பள்ளிகளில் கணினிக் கல்விக்கான முதல் பெரிய முயற்சி, 1984–85இல் நடுவண் அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டமாகும். பிரிட்டனில் உருவான பிபிசி மைக்ரோ கணினிகள் நாடெங்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளுக்கு அளிக்கப்பட்டன. அவை இணையம் இல்லாத கணினிகள்; விலை மிகுந்தவை என்பதால் பூட்டிய அறைக்குள் ஆசிரியரின் மேற்பார்வையில் மட்டுமே இயங்கியவை. அக்கால நிலையில் பாதுகாப்பு என்பது கருவி களவு போகாமல் பார்த்துக்கொள்வதையே குறித்தது.

1995 ஆகஸ்டு 15 அன்று அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை வழங்கத் தொடங்கியபின், திருப்பூரில் அது வகுப்பறைக்கு முன்பே ஏற்றுமதி அலுவலகங்களின் மேசைக்கு வந்து சேர்ந்தது. தொலைநகலில் நடந்துவந்த மாதிரி ஒப்புதலும் ஆர்டர் பேச்சும் மின்னஞ்சலுக்கு மாறின. அதைத் தொடர்ந்து, மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிய ‘பிரவுசிங் சென்டர்’கள் பெருகின. கணினி அறிவியலைப் பாடமாக எடுத்த மாணவர்களும் தேர்வு முடிவு பார்க்க வந்த மாணவர்களும் இணையத்தை முதன்முதலில் கண்டது பெரும்பாலும் இம்மையங்களில்தான்.

இம்மையங்களை ஒழுங்குபடுத்த 2011இல் நடுவண் அரசு வெளியிட்ட விதிகள் அக்காலப் பாதுகாப்புச் சிந்தனையைத் துல்லியமாகக் காட்டுகின்றன. கணினிகளைப் பிரிக்கும் தடுப்புப் பலகை நாலரை அடி உயரத்தைத் தாண்டக்கூடாது, பயன்படுத்துவோரின் அடையாளச் சான்றைப் பார்த்துப் பதிவேட்டில் குறிக்கவேண்டும், தடுப்பறைக்குள் உள்ள கணினியைச் சிறுவர்கள் பயன்படுத்தும்போது பெற்றோரோ பாதுகாவலரோ உடனிருக்கவேண்டும் என அவை கூறின. பாதுகாப்பு என்பது மரப்பலகையின் உயரத்தையும் பெரியவரின் கண்ணையும் சார்ந்திருந்தது. ஆனால் இவ்விதிகள் எழுதப்பட்ட அதே ஆண்டில், கணினி அந்தப் பலகையைத் தாண்டி மாணவரின் வீட்டுக்குப் போகத் தொடங்கியிருந்தது.

4. மடிக்கணினியும் பாடநூலும்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட இக்கருவிகள் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. திருப்பூரின் காம்பவுண்டு வீடுகளில், அதாவது ஒரே முற்றத்தைச் சுற்றி ஒற்றை அறைகள் வரிசையாக அமைந்த வாடகைக் குடியிருப்புகளில், பல குடும்பங்களுக்கு அதுவே முதல் கணினி. அப்பா அம்மாவுக்குத் தெரியாத கருவி ஒன்றை வீட்டில் பிள்ளை மட்டுமே இயக்கத் தெரிந்திருந்த நிலை இங்கிருந்து தொடங்குகிறது.

2018–19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்கள் அடுத்த திருப்பமாகும். பக்க ஓரத்தில் அச்சிடப்பட்ட விரைவுத் துலங்கல் குறியீட்டை, அதாவது கைப்பேசியின் கேமராவால் படிக்கத்தக்க கட்டக் குறியை, ஸ்கேன் செய்தால் ‘தீக்ஷா’ என்னும் அரசு இணையக் கல்வித் தளத்திலுள்ள காணொளிப் பாடம் திறக்கும். பாடநூலே கைப்பேசியை எடுக்கச் சொன்ன முதல் தலைமுறை இது. தொடர்ந்து 2019 ஆகஸ்டு 26 அன்று அரசின் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. உயர்நிலைப் பள்ளிக்கு 10, மேல்நிலைப் பள்ளிக்கு 20 என்னும் அளவில் கணினிகள் வழங்கி 6,029 பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கும் திட்டமும் நடைமுறைக்கு வந்தது.

2018ஆம் ஆண்டின் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் கணினி நன்னெறிக்கும் இணையப் பாதுகாப்புக்கும் தனி இயல் ஒன்று ஒதுக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. மென்பொருள் திருட்டு, அத்துமீறி நுழைதல், ஃபிஷிங் எனப்படும் போலித் தளத்தால் தகவல் பறித்தல், தீச்சுவர், குறியாக்கம், தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஆகியவை அதில் விளக்கப்படுகின்றன. ஆனால் இதன் இருப்பிடமே இதன் வரம்பாகும். கணினிப் பாடம் உள்ள பிரிவைத் தேர்ந்தவர் மட்டுமே, அதுவும் பதினாறு வயதையொட்டி இதைப் படிக்கின்றனர். விரைவுத் துலங்கல் குறியீடோ முதல் வகுப்பு நூலிலேயே இருக்கிறது. கருவி முதல் வகுப்பில் தொடங்கி, எச்சரிக்கை பதினொன்றாம் வகுப்பில் தொடங்கும் இந்தப் பத்தாண்டு இடைவெளியே இவ்வரலாற்றின் மையச் சிக்கல். அந்த இயலின் பெரும்பகுதி முதல் அடுக்காகிய கருவிப் பாதுகாப்பைச் சார்ந்தது. அன்பாகப் பேசிப் பழகி ஒளிப்படம் கேட்கும் முன்பின் தெரியாதவரை ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமி எப்படி அடையாளம் காண்பது என்னும் இரண்டாம் அடுக்கு, சிறுவயதிலேயே வேறு வகையில் கற்பிக்கப்பட வேண்டியது.

5. பெருந்தொற்றுக் காலம்

2016க்குப்பின் தரவுக் கட்டணம் வீழ்ந்ததால் திறன்பேசி தொழிலாளர் வீடுகளுக்குள் ஏற்கெனவே நுழைந்திருந்தது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடைப்பட்ட ஏறத்தாழ 19 மாதங்களில் கல்வித் தொலைக்காட்சியும் ஆசிரியர்கள் அமைத்த வாட்ஸ்அப் குழுக்களும் வகுப்பறையின் இடத்தை எடுத்துக்கொண்டன.

2020 ஜூலையில் நடுவண் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் இணையவழி வகுப்புகளுக்காக வெளியிட்ட ‘பிரக்யதா’ வழிகாட்டுதல், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் வரையிலான இரண்டு அமர்வுகளுக்கும், 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு நான்கு அமர்வுகளுக்கும் மிகாமல் இருக்கவேண்டும் என்றது. பெற்றோர் கண்காணிக்கவேண்டும் என்ற அறிவுரை இக்காலத்தில் எங்கும் ஒலித்தது. அந்த அறிவுரை திருப்பூரின் வேலைநேரத்தில் எப்படிப் பொருந்தியது என்பதைக் கூர்ந்து நோக்கவேண்டும். ஊரடங்கு தளர்ந்து கம்பெனிகள் இயங்கியதும் பெற்றோர் ‘ஒன்றரை ஷிப்ட்’ வேலைக்குத் திரும்பினர். காலை எட்டரை மணிக்குத் தொடங்கி இரவு எட்டரை மணிவரை நீளும் வேலை அது. வீட்டில் ஒரே திறன்பேசி. அது அப்பாவோடு கம்பெனிக்குப் போனால் பிள்ளைக்குப் பாடம் இல்லை, பிள்ளையிடம் விட்டுப்போனால் பன்னிரண்டு மணிநேரம் கேட்பாரில்லை. அதே கைப்பேசியில் வங்கிக் கணக்கும் ஜிபேயும் வாரச் சம்பளமும் இருந்தன. பாடம் படிக்கும் கருவியும் குடும்பத்தின் பணப்பையும் ஒன்றாகிவிட்டதால், பிள்ளை தெரியாமல் அழுத்தும் ஓர் இணைப்பு அவ்வாரக் கூலியையே பறிக்கக்கூடும் என்னும் நிலை ஏற்பட்டது.

6. சட்டத்தின் வேலி

கல்வி பிந்திய இடத்தில் சட்டம் முந்திச் செல்ல முயன்றது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008இல் செய்யப்பட்ட திருத்தம் 67பி பிரிவின் வழியாகக் குழந்தைகளைப் பாலியல் நோக்கில் சித்திரிக்கும் மின்னணு உள்ளடக்கத்தைக் குற்றமாக்கியது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் மின்னணு வழியில் குழந்தையைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதையும் தொடர்புகொள்வதையும், அது பாலியல் நோக்குடையதாயின், துன்புறுத்தலாக வரையறுத்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சிறார் நலனை முன்னிட்டு டிக்டாக் செயலியைத் தடைசெய்ய இடைக்கால ஆணை பிறப்பித்து, அதே மாதத்தில் அதை விலக்கிக்கொண்டது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியா இன்னும் ஒருபடி சென்று, 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் 10 முதல் தடுத்துள்ளது.

இவ்வேலிகள் தேவையானவை. எனினும் பெற்றோரின் கைப்பேசியைப் பிள்ளையே இயக்கும் வீட்டில், பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கும் பொத்தானையும் பிள்ளையின் விரலே அழுத்துகிறது. அந்த விரலுக்குரிய அறிவைச் சட்டம் தராது, பள்ளிதான் தரவேண்டும்.

7. 2023 மார்ச்: மூன்றாம் அடுக்கின் பாடம்

செய்தியை ஆராயும் பழக்கம் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதைத் திருப்பூர் நேரடியாக அனுபவித்திருக்கிறது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் கூறும் காணொளிகள் சமூக ஊடகங்களில் பரவின. வேறு மாநிலங்களில் நடந்தவையும், தமிழ்நாட்டிலேயே தொடர்பில்லாத காரணங்களுக்காக நடந்தவையும் தவறான விளக்கத்தோடு இணைக்கப்பட்டிருந்தன என்பது விசாரணையில் தெரியவந்தது. அதற்குள் அச்சம் பரவித் தொழிலாளர் பலர் ஊர் திரும்பத் தொடங்கினர். காவல்துறை இந்தியிலும் விளக்கம் வெளியிட்டது. வதந்தி பரப்பியோர்மீது வழக்குகள் பதிவாயின. பீகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களிடம் பேசியது.

கைப்பேசியில் வந்த சில நொடிக் காட்சி, ஒரே வகுப்பில் அமரும் தமிழ்ப் பிள்ளையின் வீட்டிலும் இந்தி பேசும் பிள்ளையின் வீட்டிலும் எதிரெதிர் அச்சங்களை விதைக்கவல்லது என்பதே இந்நிகழ்வு உணர்த்தும் உண்மை. காட்சியில் பேசப்படும் மொழி எது, கடைப் பலகை எந்த எழுத்தில் உள்ளது, வண்டியின் பதிவெண் எந்த மாநிலத்தைக் காட்டுகிறது, இதே காட்சி முன்பே வேறு பெயரில் வந்திருக்கிறதா என்னும் நான்கு கேள்விகளை ஏழாம் வகுப்பு மாணவரும் கேட்க முடியும். பின்னலாடைத் தொழில், தைத்த ஒவ்வொரு துணியையும் ஒளியில் விரித்துப் பிடித்து ஓட்டையும் கறையும் பார்த்தபிறகே பெட்டியில் அடுக்க அனுமதிக்கிறது. செக்கிங் மேசையில் தாய் செய்யும் அந்த வேலையைப் பிள்ளை அறியும். செய்தியைப் பகிர்வதற்கு முன் சரிபார்ப்பதைக் கற்பிக்க இவ்வூரில் அதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு தேவையில்லை.

8. முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, இணையப் பாதுகாப்பு பதினொன்றாம் வகுப்பின் விருப்பப் பாடத்திலிருந்து இறங்கி, விரைவுத் துலங்கல் குறியீடு தொடங்கும் வகுப்பிலேயே வயதுக்கேற்பத் தொடங்கவேண்டும். ஆறாம் வகுப்புக்குள் மூன்று அடுக்குகளும் அறிமுகமாகவேண்டும். இரண்டாவதாக, அப்பாடம் பெற்றோரையும் சென்றடையவேண்டும். கேரளத்தில் பள்ளித் தொழில்நுட்பத்துக்கான அரசு நிறுவனமான ‘கைட்’ 2022இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் பள்ளி மன்ற மாணவர்களைக் கொண்டே தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்புப் பயிற்சி அளித்தது இதற்கு நல்ல முன்மாதிரி. ஆனால் பீஸ் ரேட்டில், அதாவது செய்து முடித்த துண்டுகளின் கணக்கில் கூலி பெற்று, வேலைசெய்யும் தாய்க்கு வேலைநாளில் நடக்கும் கூட்டம் கூலி இழப்பாகும் என்பதால், திருப்பூரில் அது ஞாயிற்றுக்கிழமையன்று, தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் நடப்பதே பயன்தரும். மூன்றாவதாக, ஆபத்து நேர்ந்தபின் செய்யவேண்டியதும் பாடமாகவேண்டும். பண மோசடிக்கு 1930, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098, பள்ளிக் கல்வித் துறையின் வழிகாட்டலுக்கு 14417 ஆகிய எண்களைப் பிள்ளை மனப்பாடமாக அறிந்திருப்பதோடு, நடந்ததைச் சொன்னால் தன்மீது பழி விழாது, தன் படிப்பும் நிறுத்தப்படாது என்னும் உறுதியையும் பெற்றிருக்கவேண்டும். கைப்பேசியால் ஒரு தவறு நேர்ந்ததும் மகளின் படிப்பை நிறுத்திக் கம்பெனிக்கு அனுப்பிவிடும் அச்சம் எந்த வீட்டிலாவது எஞ்சியிருக்குமானால், அங்கே அந்தப் பெண் ஆபத்தைவிட அதைச் சொல்லுவதற்கே அதிகம் அஞ்சுவாள்.

பனியன் கம்பெனியிலிருந்து குழந்தைகளை மீட்டுப் பள்ளிக்கு அனுப்பத் திருப்பூருக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அந்த உழைப்பின் பயனாக இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கருவியைக் கொடுத்த கல்வித் துறை, அக்கருவியோடு சேரவேண்டிய அறிவையும் அதே வகுப்பிலேயே கொடுக்கக் கடமைப்பட்டுள்ளது.