'கௌபோய்' படங்கள்: பொய்யும் மெய்யும்

குதிரைக் குளம்பொலியும் துப்பாக்கி வெடியுமே 'கௌபோய்' படமெனக் கருதிக் கற்றோரிற் பலர் அதனை ஒதுக்கிவிடுகின்றனர். இளைஞரோ கதாநாயகனின் கைவேகத்திலே மனத்தைப் பறிகொடுத்து, திரையிற் கண்டதே அமெரிக்க வரலாறெனக் கொள்கின்றனர். இவ்விரு நோக்குகளும் குறையுடையன என்பதே எமது கருத்து. ஒரு சமுதாயம் தன் கடந்தகாலத்தைப் பற்றித் தனக்குத் தானே எத்தகைய கதையைச் சொல்லிக்கொள்கின்றது என்பதற்கு இப்படங்கள் சிறந்த சான்றாகும்.

முதலில் வரலாற்றை நோக்குவோம். 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் குடியேறுவோர்க்கு 160 ஏக்கர் வரை நிலம் வழங்க வகைசெய்தது. 1869இல் கண்டத்தை ஊடறுத்துச் செல்லும் புகையிரதப் பாதை பூர்த்தியாயிற்று. ஆயின், அந்நிலம் ஆளில்லா நிலமன்று. பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம். 1890 டிசெம்பரில் 'வூண்டட் நீ' என்னுமிடத்தில் லக்கோட்டா மக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, அமெரிக்கப் படையினராற் கொன்று குவிக்கப்பட்டனர். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1903இல், எட்வின் போர்ட்டரின் 'மாபெரும் புகையிரதக் கொள்ளை' வெளிவந்தது. மேற்குப் பிரதேசம் வெண்திரைப் பண்டமாயிற்று. அப்படமோ கிழக்கிலுள்ள நியூ ஜேர்சியிலேயே பெரும்பாலும் எடுக்கப்பட்டது!

கௌபோய் என்பவன்தான் யார்? மாட்டு மந்தைகளை நெடுந்தூரம் ஓட்டிச்சென்ற கூலித் தொழிலாளியே. அவர்களுட் கறுப்பினத்தவரும் மெக்சிக்கரும் பலர். 1883இல் டெக்சாசின் வடபகுதியில் அவர்கள் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தமும் செய்தனர். இத்தொழிலாளியையே ஹொலிவூட் தனித்து நிற்கும் வெள்ளை வீரனாக மாற்றிற்று.

இவ்வகைப் படங்களின் தலைசிறந்த கலைஞர் ஜோன் போர்ட். 1939இல் வெளிவந்த அவரது 'ஸ்டேஜ்கோச்', ஒரே வண்டியிற் பயணஞ்செய்யும் மாந்தரைக் கொண்டு கனவான்களின் போலி ஒழுக்கத்தை நையாண்டி செய்தது. எனினும், அப்பாச்சி மக்கள் அதில் முகமற்ற பகைவராகவே வருகின்றனர். 1956இல் வந்த 'த சேர்ச்சர்ஸ்' படத்திலே கதாநாயகனின் இனவெறியையே போர்ட் விசாரணைக்குட்படுத்தினார். 1878இல் தாயகம் நோக்கிப் புறப்பட்ட செயென் மக்களின் துயரை 1964இல் படமாக்கியபோதும், தலைவர் வேடங்களைப் பூர்வகுடியினர்க்கு அவர் அளித்தாரல்லர். கலைஞனின் மனச்சாட்சி விழித்தாலும் தொழிலின் வழக்கம் எளிதில் மாறுவதில்லை.

இவ்வடிவத்தின் ஆற்றலை உணரவேண்டின், 1952இல் பிரெட் சின்னமன் நெறிப்படுத்திய 'ஹை நூன்' படத்தைக் காணவேண்டும். பழிவாங்க வரும் கொலைஞன் ஒருவன் நண்பகற் புகையிரதத்தில் வந்திறங்கவுள்ளான். நகரைக் காத்த காவலதிகாரி துணைதேடி வீடுவீடாகச் செல்கிறார். கோயிலில் விவாதிக்கின்றனர்; நண்பர் வீட்டிலில்லை என மனைவியைக்கொண்டு சொல்விக்கின்றனர். கடிகாரமோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஈற்றிற் பகைவரை வென்ற பின், அவர் தம் பதவிச் சின்னத்தைப் புழுதியில் எறிந்துவிட்டுச் செல்கிறார்.

இக்கதை அமெரிக்க மேற்கினை மாத்திரம் பற்றியதன்று. இதன் திரைக்கதையை எழுதிய கார்ல் போர்மன், 1951இல் அமெரிக்க விரோதச் செயல்களை விசாரித்த காங்கிரஸ் குழுவின் முன் அழைக்கப்பட்டார். தோழர்களின் பெயர்களைக் காட்டிக்கொடுக்க அவர் மறுத்தார். தொழிலிழந்து இங்கிலாந்து சென்றார். அஞ்சி ஒதுங்கிய நண்பர்களை அவர் நேரிற் கண்டவர். ஆதலாலேயே அந்நகர மாந்தரின் கோழைத்தனம் அத்துணை மெய்யாக அமைந்துள்ளது. நடிகர் ஜோன் வெயின் இப்படத்தை அமெரிக்க உணர்வுக்கு மாறானதெனச் சாடினார். ஹொவார்ட் ஹோக்ஸ் 1959இல் 'ரியோ பிராவோ' எடுத்து இதற்கு மறுமொழி கூறினார். வெறும் பொழுதுபோக்காயின் இத்துணைச் சினம் எழுந்திருக்குமா?

1992இல் கிளின்ற் ஈஸ்ற்வுட் எடுத்த 'அன்போர்கிவன்', கொலைத்தொழிலின் மீது பூசப்பட்ட வீரப்பொலிவையும் கழுவித் துடைத்தது. பழைய வடிவம் தன் பொய்யைத் தானே ஒப்புக்கொள்ளும் வேளைகளிலேயே உயர் கலையாகின்றது.

ஆகவே, இப்படங்களைப் பார்க்கவேண்டாமென மாணவரைத் தடுப்பதாற் பயனில்லை. உடனிருந்து பார்த்து, பின்னர் வினாத் தொடுப்போம்: இந்நிலம் யாருடையது? இக்கதையிற் பேச வாய்ப்பளிக்கப்படாதோர் யார்? உதவி கேட்டு ஒருவன் வந்தபோது கதவை அடைத்தோர் யார்? மூன்றாவது வினாவுக்கு விடை காணும்போது, நாம் அமெரிக்காவைப் பற்றி மட்டும் சிந்தித்துக்கொண்டிருக்க மாட்டோம்.